கதவு கழற்றிய வீடு

1987-ஆம் ஆண்டு நவம்பர் 11, புதன்கிழமை. தீபாவளி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் எழுந்தேன். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினேன். அடிபம்பில் இரண்டு குடம் தண்ணீர் அடித்து வந்தேன். நைனா விடியுமுன்பே துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போயிருந்தார். அவர் வடித்து வைத்துவிட்டுப் போன சோற்றில் மோர் ஊற்றி, தங்கச்சிக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு. பிறகு அவளை வாசற்படியில் உட்காரவைத்து, எண்ணெய் தடவி, வகிடு எடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு, சிவப்பு ரிப்பனால் மடித்துக் கட்டினேன். எனக்குப் பதினொரு வயது, அவளுக்கு எட்டு. அம்மா காமாலையில் இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது.

அம்மா போன புதிதில் எதிர்வீட்டு அக்காதான் அவளுக்குத் தலை பின்னிவிட்டார். நல்ல மனுஷி. ஆனால் வகிட்டைக் கோணலாக எடுப்பார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் சீப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்று முதல் அது என் வேலை. மூக்குக்கு நேராக ஆரம்பித்துப் பிடரிவரை ஒரே கோடாக இழுப்பேன். சரியாக வராவிட்டால் அழித்துவிட்டு மறுபடியும் எடுப்பேன்.

"இன்னாண்ணா, தலையில தண்டவாளமா போடற? சீக்கிரம் உடு, பெல் அட்ச்சிடுவாங்க" என்று நெளிவாள். தலையில் ஒரு குட்டு வைத்தால் சற்று நேரம் அசையாமல் இருப்பாள்.

நான் மூத்தவன் என்பதற்கு இந்தப் பின்னல் ஒன்றுதான் அத்தாட்சி. மற்றபடி எல்லாவற்றிலும் அவள்தான் எனக்கு மூத்தவள். பள்ளிக்கூடம் போக நெடுஞ்சாலையைத் தாண்டவேண்டும். துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் போகிற லாரிகள் ஓயாமல் ஓடுகிற சாலை அது. அதைக் கண்டால் என் கால் கல்லாகிவிடும். எட்டு வயதுக்காரி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போவாள். கடையில் கூட்டத்துக்கு நடுவே வாய் திறந்து கேட்க எனக்கு வராது. அவள் கேட்பாள். இரவில் கடல் சத்தத்துக்குப் பயந்து அவள் பாவாடை நுனியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீடு திருவொற்றியூர்க் கரையில் இருந்தது. நைனா கட்டியபோது அது கடலிலிருந்து நாலாவது வரிசை. நான் பிறந்தபோது மூன்றாவது. அந்த நவம்பரில் முதல் வரிசை. வீடு நகரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அலை வாசலை நெருங்கிவிட்டால் முதலில் கதவைக் கழற்றிவிடுவார்கள். சுவரை எடுத்துப்போக முடியாது, ஓடு பாதி உடையும். கதவு மட்டும்தான் இன்னொரு வீட்டுக்கு ஆகும். அதைச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வருவார்கள். பிறகு பாத்திரம் போகும். கடைசியில் ஆட்கள். பிள்ளைகளை இடம் இருக்கிற சொந்தக்காரர்கள் ஆளுக்கொருவராகக் கூட்டிப்போவார்கள். இடம் கிடைக்காத பெண்பிள்ளைகள் தண்டையார்ப்பேட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதிக்குப் போகும். ஆனால் "வீட்டை விடப்போகிறோம்" என்று ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் கடலைக் கூப்பிட்ட மாதிரி. "கதவு போய்ட்சா?" என்று கேட்பார்கள். "போய்ட்சு" என்று பதில் வரும். அவ்வளவுதான்.

முன்வரிசையில் இருந்த தங்கச்சியின் கூட்டாளிப் பெண்ணின் வீட்டுக் கதவு செப்டம்பரில் போனது. அடுத்த வாரமே அவளும் அந்த விடுதிக்குப் போனாள். தீபாவளிக்கு வந்தபோது பையன் மாதிரி கிராப்பு வெட்டியிருந்தாள். நான் சிரித்தேன். தங்கச்சி சிரிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை மாலை நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது எங்கள் வீட்டு வாசலில் கதவு இல்லை. நிலையில் இரண்டு ஆணி அடித்து ஒரு கோணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். நைனா உள்ளே குத்துக்காலிட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"கதவு எங்க நைனா?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "மயைக்கு உப்பிக்கிச்சில்ல, ஆசாரி இயைச்சித் தர்றேன்னாரு. திங்கட்கெயம வந்துரும்."

அந்த வழக்கம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு மாதமாகக் கதவு உப்பிக்கொண்டு சாத்த வரவில்லை என்று நைனாவிடம் தினமும் முறையிட்டவன் நான்தான். கடைசியில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். எதிர்வீட்டு அக்கா கோணியைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, கதவு போய்ட்சா?" என்று கேட்டபோது பெருமையாகவே சொன்னேன்.

"ஆசாரிகிட்ட போயிருக்குக்கா. நான்தான் சொன்னேன்."

அவர் உள்ளே போய்ப் பொரித்த நெத்திலியை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டுவந்து கொடுத்தார். அதையும் என் சமர்த்துக்குக் கிடைத்த பரிசென்று எடுத்துக்கொண்டேன். தங்கச்சி மட்டும் வாசற்படியில் நின்று, நிலையில் கீல் இருந்த பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நெத்திலி தின்னக் கூப்பிட்டேன், வரவில்லை.

மறுநாள் காலை எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசற்படிக்கு வந்தால், அவள் ஏற்கெனவே பின்னிக்கொண்டிருந்தாள். வகிடு நண்டு ஓடிய தடம் மாதிரி இருந்தது. ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்துக்குக் கீழே.

"குடு இங்க" என்று சீப்பைப் பிடுங்கப் போனேன்.

"தொடாத. நானே போட்டுப்பேன்."

"கேவலமா கீது. எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். என் தல, என் முடி. உனுக்கு இன்னா?"

அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் சிரிக்கத்தான் செய்தார்கள். எனக்குத்தான் அவமானமாக இருந்தது, அவளுக்கு இல்லை. மாலை வந்ததும் பின்னலை அவிழ்த்துவிட்டு மறுபடியும் போட்டாள். மறுபடி அவிழ்த்தாள். கண்ணாடி இல்லாமல், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, விரலாலேயே உச்சியைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரி வீட்டுப்பாடம் எழுதினேன். அன்று படுக்கும்போது பாயை நைனாவுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொண்டாள். கைக்குப் பிடிக்க எனக்குப் பாவாடை நுனி இல்லை. கோணி காற்றில் அடித்துக்கொண்டது. போர்வை நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததை இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். நெடுஞ்சாலை ஓரத்தில் வழக்கம்போல மணிக்கட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் விடுவிடென்று நடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். போய், பையைக் காலுக்கிடையில் வைத்து, கைகட்டிக்கொண்டு நின்றாள்.

"வா" என்று கத்தினாள்.

"நீ வந்து கூட்டிகினு போ."

"வரமாட்டேன். உனுக்கு கண்ணு கீதில்ல? பாத்து வா."

லாரிகள் போயின. மாட்டுவண்டி ஒன்று போனது. பள்ளிக்கூட மணி அடிப்பது இங்கிருந்தே கேட்டது. பிந்தி வந்தால் வெயிலில் முட்டிபோட வைப்பார்கள். அவள் அசையவில்லை. எனக்கு அழுகை வந்தது. சைக்கிளில் போன ஒருவர், "இன்னா தம்பி, மாமியார் வூட்டுக்குப் போறதுக்கா இப்டி யோசிக்கிற?" என்று கேலி செய்துவிட்டுப் போனார். அந்த ரோஷத்திலோ என்னவோ வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன், கண்ணை மூடாமல் நடந்தேன். வந்து சேர்ந்ததும் என் முகம் ஈரமாக இருந்ததை அவள் பார்த்தாள்.

"வந்துட்ட இல்ல? செத்தா பூட்ட?" என்றாள். இருவரும் முட்டிபோட்டோம்.

அன்று மாலை ரேஷன் கடையில் கிருஷ்ணாயில் ஊற்றினார்கள். வரிசையில் எங்கள் முறை வரும்போது அவள் டின்னை என் கையில் திணித்து, "எங்கண்ணன் வாங்கும்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். பின்னால் நின்ற பெண்கள் இடித்துத் தள்ளினார்கள். "வாயில இன்னாடா கொயுக்கட்டையா? கேளு இல்லன்னா அப்பால போ" என்று ஒருத்தி அதட்டினாள். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ, "எங்களுக்கு அஞ்சு லிட்டருண்ணே" என்று கத்திவிட்டேன். கடைக்காரரே திடுக்கிட்டுப் பார்த்தார். வெளியே வந்து டின்னை அவள் காலடியில் தொப்பென்று வைத்தேன்.

"உனுக்கு என்ன கண்டாலே புடிக்கலல்ல?" என்று கேட்டேன்.

அவள் டின்னின் மூடியைத் திருகி இறுக்கிக்கொண்டே, "ஆமா, புடிக்கல" என்றாள்.

சனிக்கிழமை அத்தை வந்தாள். நைனாவின் அக்கா. ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறையில் மாமாவோடும் மூன்று பிள்ளைகளோடும் இருந்தவள். பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து மூட்டைகட்டிக்கொண்டே பேசினாள்.

"பையன நான் வெச்சுக்குறேன்டா. கண்ண மூடிகினு சொல்றேன், வெச்சுக்குறேன். ரெண்டு பேர எங்க போடுவேன், என் தல மேலயா? பொட்டப்புள்ள, நாலு ஆம்பள பொயங்குற எடம். சிஸ்டருங்ககிட்ட பேசிட்டேன், நாளைக்கு கூட்டிகினு வரச் சொல்லிட்டாங்க."

நைனா தலையைக் குனிந்தபடி சரி என்றார். அவர் துறைமுக வாசலுக்கு அருகே, கூட வேலை செய்பவர்களோடு ஒரு கொட்டகையில் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கதவு ஆசாரியிடம் போகவில்லை. கத்தினேன். நானும் விடுதிக்குப் போகிறேன் என்றேன். அங்கே பையன்களைச் சேர்க்கமாட்டார்கள் என்றாள் அத்தை. அப்படியானால் இந்த வீட்டிலேயே இருப்பேன் என்று நிலையைப் பிடித்துக்கொண்டேன். நைனா எழுந்து கோணியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

தங்கச்சி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக நிலையிலிருந்து பிரித்தாள். "அயுவாத. நீ அய்தா நைனா குடிக்கப் போயிடும். ஒரு வாரமா குடிக்கல, பாத்தியா இல்லியா?" என்று காதோடு சொன்னாள். நான் பார்த்திருக்கவில்லை. அழுகையை நிறுத்தினேன். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்பதை மட்டும் பார்த்து, மனதில் குறித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நைனாவும் நானும் அவளை விடுதிக்குக் கூட்டிப்போனோம். தூறிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு கன்னியாஸ்திரி அவளை மேலும் கீழும் பார்த்தார். குரல் கடுமையாக இல்லை, வேலை மிகுந்தவர் குரல்.

"இவ்வளவு முடி இருக்கே, யார் பின்னிவிடுவாங்க? இங்க தானே பின்னிக்கத் தெரியணும். இல்லன்னா கட் பண்ணிடுவோம், பேன் சேர்ந்துடும்."

"நானே பின்னிப்பேன் சிஸ்டர்" என்று சொல்லி அவள் திரும்பிப் பின்னந்தலையைக் காட்டினாள்.

இரண்டு பின்னலும் ஒரே உயரத்தில் இருந்தன. வகிடு, உச்சியிலிருந்து பிடரிவரை ஒரே கோடு. நான் எடுப்பது போலவே இருந்தது. நாலே நாளில் கற்றுக்கொண்டிருந்தாள். நான் தேவையில்லை என்று காட்டத்தான் இவ்வளவு முனைந்திருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கன்னியாஸ்திரி சிரித்து அவள் தோளில் கைவைத்தார். அவள் தகரப்பெட்டியை இரு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். அது அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே போனது. திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கையசைக்கவில்லை.

எங்கள் வீடு அடுத்த மாதப் புயல்மழையில் போனது. நைனா பார்க்கப் போனார். எங்களைக் கூட்டிப்போகவில்லை. அந்த விடுதியில் அவள் ஒன்பது வருடம் இருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு பார்க்க விடுவார்கள். நான் போவேன், சாலைகளைத் தனியாகத் தாண்டி. பிறகு அவள் நர்ஸ் படிப்பு படித்தாள். கல்யாணம் ஆனது. இரண்டு பெண் குழந்தைகள். சின்னவளுக்கு நாலு வயதாகும்போது கணவர் மாரடைப்பில் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அவள் வேலைக்குப் போய்விட்டாள். என் மனைவி மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது இரவுப் பணி முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்து உடம்பு துடைத்துவிட்டுப் போனதும் அவள்தான். நைனாவின் கடைசி நாட்களிலும் அப்படியே. இத்தனைக்கும் நான் அவளிடம் நன்றி என்று ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் அந்தச் சொல் மேடையில் பேசுகிறவர்களுக்கானது.

போன மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து அவள் வலது கை முறிந்தது. மாவுக்கட்டு. இடது கையால் சமைக்கிறாள், துணி அலசுகிறாள், வேண்டாமென்றால் கேட்பதில்லை. தலை மட்டும் பின்ன வராது. பெண்கள் இருவரும் வெளியூரில் வேலை. எனவே தினமும் காலையில் ராயபுரத்திலிருந்து தண்டையார்ப்பேட்டைக்குப் போய் நான் பின்னிவிடுகிறேன். முடி பாதிக்கு மேல் நரைத்து மெலிந்துவிட்டது. இரட்டைப் பின்னல் இல்லை, ஒற்றைதான்.

ஒரு நாள் கேட்டேன். "அன்னிக்கு ஏன் என்ன பின்ன உடல?"

எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை.

"கதவு போனன்னிக்கே தெரிஞ்சிட்சுண்ணா. உன்ன அத்த வெச்சுக்கும், என்ன அங்க உடுவாங்கன்னு. என் கூட்டாளி முடிய வெட்டிட்டாங்கல்ல, அதான் கத்துக்கினேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? நீ நாலு நாளும் அய்துகினே இருப்ப. ஒண்ணும் கத்துக்கினு இருக்கமாட்ட." மாவுக்கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். "முடிகூட பரவால்லண்ணா. போனா வளரும். நான் இல்லாம நீ ரோட்டு ஓரத்துல கைய நீட்டிகினே நிக்கப்போறன்னு நெனச்சாத்தான் பேஜாரா இருந்துச்சு. அதான் அப்டி பண்ணேன். புடிக்கலன்னு சொன்னேனே, அதுக்கு எத்தினி நாள் தூங்காம இருந்தேன் தெரியுமா?"

எட்டு வயதுப் பெண்ணுக்கு நாலே நாள் இருந்தது. தன் தலையைப் பின்னக் கற்றுக்கொள்வதற்கும், தன்னைவிட மூத்தவனுக்கு ஒரு சாலையைக் கற்றுக்கொடுப்பதற்கும். எடுத்த வகிடு கோணியிருந்தது. அழித்துவிட்டு மறுபடியும் எடுத்தேன். "இன்னும் தண்டவாளந்தானா?" என்றாள்.

அவளை விடுதியில் விட்டுவந்த அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு அத்தை வீட்டில் என்னைப் படுக்கவைத்தது எங்கள் வீட்டுக் கதவின் மேல்தான். நாலு மூலையிலும் செங்கல் அடுக்கி, அதன்மேல் கதவைக் கிடத்தி, ஒரு பழைய புடவையை விரித்திருந்தாள். நாதாங்கி இருந்த ஓட்டை என் முதுகுக்குக் கீழே வந்தது. ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். இழைப்புளி பட்ட தடமே இல்லை. உப்பியது உப்பியபடியே இருந்தது. எதையும் பிடித்துக்கொள்ளாமல் படுத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. துறைமுகத்தில் கப்பல் ஊதியது கேட்டு எழுந்தேன். புடவையை மடித்து வைத்தேன். என் பையிலிருந்து சீப்பை எடுத்துவிட்டேன், அது எதற்கென்று நினைவு வந்ததும் திருப்பி உள்ளே போட்டேன். அத்தை பால் தூக்கை நீட்டினாள்.

"பூத்து அந்தாண்ட கீதுடா. ரோட்டத் தாண்டணும். தாண்டுவியா, இல்ல மாமாவ எயுப்பட்டுமா?"

"தாண்டுவேன்" என்றேன்.

துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. எதிர்ப்பக்கத்தில் கைகட்டிக்கொண்டு யாரும் நிற்கவில்லை. வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன், நடந்தேன். அந்தத் துணிச்சல் அவள்மேல் இருந்த கோபத்தில் வந்தது என்றே நினைத்துக்கொண்டேன்.